கொன்ஸ்தான்சியாவின் முந்திரிகை மது

மதுச்சாலை ஒன்றுக்கு விருந்தினராகச் சென்று, அங்கு வடித்த மதுவைச் சிறு கிண்ணத்திற் பெற்றுச் சுவை பார்த்து, விரும்பினால் இரண்டொரு போத்தலையும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழக்கம் இக்காலத்து உல்லாசப் பயணிகளோடு பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. தென்னாபிரிக்காவின் தென்மேற்கு மூலையில், கேப்ரவுண் நகருக்கு அணித்தாய் ஒரு மலைச்சரிவில் அமைந்த கொன்ஸ்தான்சியா என்னும் முந்திரிகைத் தோட்டத்துக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு விருந்தினர் வந்து சென்றனர். முந்திரிகை என ஈண்டுக் குறிப்பது கொடியிற் காய்க்கும் திராட்சையை, மரமுந்திரிகையை அன்று. கப்பற்றலைவர்கள், தேசாதிபதிகள், தாவர நூலோர், கும்பனி உத்தியோகத்தர், அவர்தம் மனைவியர் எனப் பல திறத்தார் அங்கு வந்தனர். கீழைத்தேசங்களுக்குச் செல்லும் கப்பலும் அங்கிருந்து மீளும் கப்பலும் கேப் துறையில் நங்கூரமிட்டுத் தண்ணீரும் உணவும் ஏற்றிச் சென்ற காலம் அது. வந்தவரிற் பலர் தாம் கண்டதை எழுதிவைத்தனர். மதுவின் நிறத்தையும் மணத்தையும் இனிமையையும் வியந்தோர் பலர். அதனைப் பிழிந்தெடுத்த மனிதரைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுதியோர் மிகச் சிலர். அம்மனிதருள் இலங்கைக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் மலையாளக் கரையிலும் கப்பலேற்றப்பட்டோர் இருந்தமையால், அச்சிலரின் எழுத்துக்களை நாம் தேடிப் படிக்க வேண்டியவராகின்றோம்.

நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தர் குடியேறியது நாடு பிடிக்கும் நோக்கத்தோடன்று. ஒல்லாந்துக்கும் பத்தாவியாவுக்கும் இடைப்பட்ட நெடுங்கடலில் மாலுமிகள் பழமும் பசுங்கறியும் இன்றிச் சொறிகரப்பான் நோயால் மடிந்தனர். அவர்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் நன்னீரும் வழங்குவதற்கு ஓர் இடைநிலையம் வேண்டுமென்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி முடிவுசெய்தது. 1652ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 6ஆந் திகதி யான் வன் றீபெக் என்பவர் அங்கு கரையிறங்கினார். தோட்டம் போடுவதே அவரது முதற் பணி. முந்திரிகைக் கொடிகளும் ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்டன. 1659ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி கேப் நாட்டு முந்திரிகையிலிருந்து முதன்முறையாக மது பிழியப்பட்டதென்பதை அவர் தமது நாட்குறிப்பிற் கடவுளுக்கு நன்றி கூறிப் பதிந்துவைத்தார். மதுத்தொழில் பிறந்த நாள் இத்துணைத் துல்லியமாகத் தெரிந்த நாடு உலகில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. ஆயினும் அம்மது நன்றாயிருந்தது என்று கூறியவர் அதிகமில்லை. புளிப்பும் கரகரப்புமாக இருந்த அதனைப் பத்தாவியாவில் இருந்தோர் வேண்டாமென்று குறைகூறினர்.

இந்நிலையை மாற்றியவர் 1679இல் கேப் நிலையத்துக்குத் தலைவராக வந்த சீமொன் வன்டர்ஸ்ரெல். இவருடைய குடும்ப வரலாறு இலங்கையைத் தொட்டுச் செல்வது. தந்தை அத்திரியான் வன்டர்ஸ்ரெல் மொரீசியசுத் தீவில் ஒல்லாந்தரின் தலைவராயிருந்தவர். சீமொன் பிறந்தது 1639இல், அத்தீவுக்குச் செல்லும் பயணத்தின்போது. பின்னர் அத்திரியான் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு ஒல்லாந்தர் பிணங்கிய நாள்களில், 1646இல், அவ்வரசனின் படையினர் கையில் அவர் உயிர் நீத்தார். தாயார் மரியா லீவன்ஸ் என்பவரின் அன்னை, கோவாவைச் சேர்ந்த மொனிக்கா என்னும் இந்தியப் பெண்; அவள் அடிமையாயிருந்தவள் என்பர். அடிமைப் பெண்ணொருத்தியின் பேரன் பின்னாளில் அடிமைகள் பலரை உடையவராய், கேப் நாட்டின் தேசாதிபதியாய் உயர்ந்தார். கும்பனியாட்சியில் இத்தகைய விசித்திரங்கள் அரியவையல்ல.

1685இல் கும்பனியின் விசாரணை ஆணையாளராகக் கேப் நாட்டுக்கு வந்தவர் வன் றீட். மலையாள நாட்டில் ஒல்லாந்தரின் தலைவராயிருந்து, அந்நாட்டு வைத்தியரின் துணையோடு அங்குள்ள மூலிகைகளையெல்லாம் 12 பெருந்தொகுதிகளில் வரைந்து வெளியிட்ட அறிஞர் அவரே. சீமொன் வன்டர்ஸ்ரெல் தமக்கென நிலம் வேண்ட, 891 மோர்கன் அளவுள்ள பெருநிலத்தை அவ்வாணையாளர் வழங்கினார். இக்கால அளவையில் அது 760 ஹெக்டேரினும் சற்றுக் கூடியது. அந்நிலத்துக்குக் கொன்ஸ்தான்சியா எனப் பெயர் வந்ததன் காரணம் உறுதியாய்த் தெரியவில்லை. மாறாமை, உறுதி என்னும் பண்பைச் சுட்டுவது என்பாரும் உளர். வன் கூன்ஸ் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் பெயர் என்பாரும் உளர். இரண்டாவது கூற்று மெய்யாயின் அப்பெயரும் நமக்கு அயலானதன்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய றிக்லொவ் வன் கூன்ஸ் அக்குடும்பத்தின் தலைவரே.

நிலம் தெரிவதில் வன்டர்ஸ்ரெல் வல்லவர். மேற்கே மலை, கிழக்குச் சரிவில் கருங்கல் சிதைந்து உண்டான ஈரம் பிடிக்கும் மண், தெற்கே உள்ள விரிகுடாவிலிருந்து பிற்பகலில் எழும் குளிர்காற்று. கோடை வெயில் பழத்தைச் சுட்டெரியாமல் மெல்லக் கனியச்செய்வதற்கு இவை மூன்றும் உதவின. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடாதலின் அங்கு அறுவடை பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். குடியேறிகள் பழம் முற்றுமுன்னரே அவசரப்பட்டுப் பிழிவதாலேயே மது புளித்துப்போகிறது என்று அவர் கண்டார். அதிகாரிகள் பார்வையிட்டுப் பழம் முற்றியதென்று சொல்லுமுன் பிழிபவருக்குத் தண்டம் விதித்துச் சட்டமும் செய்தார். தமது தோட்டத்திலோ அவர் காட்டிய கவனம் அதனினும் பெரிது.

கொன்ஸ்தான்சியா மதுவின் சிறப்பு அதன் இனிமை. அவ்வினிமை கருப்பஞ்சாறு சேர்த்து வந்ததன்று. மஸ்கற் என்னும் மணமுள்ள முந்திரிகைக் குலைகளைப் பழுத்தபின்னும் பறியாமல் கொடியிலேயே விட்டுவைப்பர். வெயிலும் காற்றும் பழத்தின் நீரை உறிஞ்ச, தோல் சுருங்கிப் பாதி உலர்ந்த நிலையில் சர்க்கரை மட்டும் உள்ளே இறுகும். ஒரு குலையில் எல்லாப் பழமும் ஒருங்கே சுருங்குவதில்லையாதலின், அதே வரிசைக்குப் பல நாட் திரும்பத் திரும்பச் சென்று, தகுந்தவற்றையே தெரிந்து பறிக்கவேண்டும். காம்பு கலந்தால் கசக்கும். ஆகவே காம்புகளைக் கையாற் களையவேண்டும். இவ்வாறு உலர்ந்த பழத்திலிருந்து இறங்கும் சாறு சிறிதளவினதே. அதுவும் தேன்போலத் தடித்து மெல்ல வடியும். சாறு புளித்து மதுவாகும்போது நொதி எல்லாச் சர்க்கரையையும் உண்டு தீர்க்க மாட்டாது. எஞ்சுவது இனிமையாய் நிற்கும். மதுச்சத்தும் சர்க்கரையும் ஒருங்கே மிகுந்த அம்மது வெப்பமண்டலக் கடலைக் கடந்து ஐரோப்பா செல்லும் நெடும்பயணத்திலும் கெடவில்லை. சாதாரணக் கேப் மது பீப்பாவிலேயே கெட்டுப்போக, இது மட்டும் அம்ஸ்ரடாமில் நல்ல விலைக்கு விற்றமைக்குக் காரணம் அதுவே.

இவ்வளவு வேலைக்கும் வேண்டியது ஆட்கள். அங்கிருந்த பழங்குடிகளான கொய்கோய் மக்கள் மந்தை மேய்ப்போர். அவர்களை அடிமைப்படுத்துதல் ஆகாதென்பது கும்பனியின் கட்டளை. ஆனால் கடல் கடந்து அடிமைகளைக் கொண்டுவருவதற்கு அக்கட்டளை இடந்தந்தது. 1658இல் அங்கோலாவிலிருந்தும் மேற்காபிரிக்காவிலிருந்தும் இரு கப்பல்களில் அடிமைகள் வந்து இறங்கினர். அதன்பின் மடகஸ்கார், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலையாளம், சோழமண்டலம், இலங்கை என இந்துமாகடலின் கரைகளெல்லாம் கேப் நாட்டுக்கு ஆள் கொடுத்தன. 1652 முதல் 1808 வரை அங்கு கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 63,000 பேர் என்றும், அவருட் காற்பங்கினர் இந்தியக் கரைகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றோர் என்றும் வரலாற்றறிஞர் கணித்துள்ளனர். தென்னாபிரிக்க இந்தியர் என்றவுடன் 1860இல் நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளையே நாம் நினைக்கிறோம். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே சென்றவரை மறந்துவிட்டோம்.

அவர்கள் சென்ற வகையும் அறியத்தக்கது. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டின. உணவுக்கு வழியின்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவரை ஆயிரக்கணக்கில் ஒல்லாந்தர் சோழமண்டலத் துறைகளில் வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினர். அவருட் கேப் நாடு வரை சென்றோர் சிலரே. கேப்புக்கு நேரே ஆளேற்றிச் சென்ற கப்பலினும், தாய்நாடு திரும்பும் உத்தியோகத்தரின் பெட்டி படுக்கையோடு சென்ற அடிமைகளே அங்கு பலர். கொழும்பிலோ காலியிலோ பத்தாவியாவிலோ தம் வீட்டில் வேலை செய்த ஆளை ஒல்லாந்துக்குக் கொண்டுசென்றால் அங்கு அடிமைமுறை இல்லாமையால் நட்டம்; கேப் துறையில் இறக்கி விற்றால் வாங்கிய விலைக்குப் பன்மடங்கு இலாபம். இறக்கப்பட்டவருக்கு எழுத்தர் ஒரு பெயர் வைத்தார். வேதாகமப் பெயரோ, உரோம வீரன் பெயரோ, ஆங்கில மாதப் பெயரோ அவர் வாயில் வந்த ஒன்று முன்னே; வந்த இடம் பின்னே. ‘வன் சிலோன்’, ‘வன் மலபார்’, ‘வன் கொரமண்டல்’, ‘வன் பெங்காலா’ என முடியும் பெயர்கள் கேப் நாட்டு ஏடுகளில் நிரம்பியுள்ளன. அவ்விடப் பெயரும் பிறந்த ஊரைக் குறிப்பதென்று கொள்ளல் ஆகாது. கடைசியாக விற்கப்பட்ட துறையையே பல இடங்களிற் குறிக்கும். தாய் வைத்த பெயர் ஓர் ஏட்டிலும் இல்லாது போயிற்று.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதுவும் கொன்ஸ்தான்சியாவோடு தொடர்புடையதே. 1657இல் வங்காளத்து அஞ்சேலா என்பவள் கேப் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு வன் றீபெக் வீட்டுக்கு விற்கப்பட்டாள். 1666இல் விடுதலை பெற்று, 1669இல் ஐரோப்பியர் ஒருவரை மணந்து, நிலமும் பொருளும் உடையவளாய் வாழ்ந்தாள். அவள் மகள் அன்னா டி கோனிங், சுவீடன் நாட்டவரான ஒலொவ் பேர்க் என்னும் கும்பனிப் படைத்தலைவரை மணந்தாள். 1712இல் வன்டர்ஸ்ரெல் இறந்தபின் கொன்ஸ்தான்சியா பல பகுதிகளாய்ப் பிரிந்து விற்கப்பட, மாளிகை இருந்த பெருங் கொன்ஸ்தான்சியாவை ஒலொவ் பேர்க் 1716இல் வாங்கினார். கணவன் 1724இல் இறக்க, அவ்வங்காளப் பெண்ணின் மகளே தோட்டத்தின் உடைமைக்காரியானாள்; 1734இல் இறக்கும்வரை அதனை ஆண்டாள். இக்கதை கேட்போர் மகிழ்வது இயல்பு. ஆனால் அன்னாவின் தோட்டத்திலும் கொடி வெட்டியோரும் குலை மிதித்தோரும் அடிமைகளே. தாயின் விலங்கு கழன்றது. தோட்டத்தின் முறை மாறவில்லை.

1778இல் பெருங் கொன்ஸ்தான்சியாவை ஹென்றிக் குளூட்டி வாங்கினார். சீரழிந்திருந்த தோட்டத்தை அவர் மீண்டும் நட்டு, மாளிகையைப் புதுக்கி, 1791இல் புதியதொரு மதுச்சாலையைக் கட்டினார். அதன் முகப்பில் அந்தோன் அன்றைத் என்னும் செருமானியச் சிற்பி அமைத்த புடைப்புச் சிற்பம் இன்றும் பார்க்கத்தக்கது. குழந்தைகளும் முந்திரிகைக் குலைகளும் சூழ, கழுகொன்றும் ஓர் இளைஞனும் அதில் உள்ளனர். கிரேக்கப் புராணத்துக் கனிமீடன் அவன். அழகனான அவனைக் கண்ட தேவர்கோன் தன் கழுகை ஏவித் தாய்நாட்டிலிருந்து தூக்கிவரச் செய்து, தேவர்களின் கிண்ணங்களில் மது வார்க்கும் பணியில் அமர்த்தினான் என்பது கதை. ஊரிலிருந்து பறித்துக்கொண்டு வரப்பட்டவனை மது வார்க்க வைத்த கதையை, அவ்வாறே கொண்டுவரப்பட்டோர் வேலை செய்த கட்டடத்தின் நெற்றியிற் பதித்தபோது, கட்டுவித்தவருக்கோ சிற்பிக்கோ உள்ளத்தில் ஏதேனும் தட்டுப்பட்டதோ அறியோம். அக்காலத்து மேனாட்டாருக்கு அது மதுவுக்குப் பொருத்தமான அலங்காரம்; அவ்வளவே.

இம்மதுச்சாலைக்கு விருந்தினராய் வந்தவருள் ஒருவர் ஆன் பார்னாட் சீமாட்டி. ஆங்கிலேயர் கேப் நாட்டைக் கைப்பற்றியபின், அரசாங்கச் செயலாளராய் நியமனம் பெற்ற கணவரோடு 1797இல் வந்து 1802 வரை அங்கு வாழ்ந்தவர். கூர்ந்த பார்வையும் நகைச்சுவையும் உடைய அவர் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் அக்காலத்துக் கேப் நாட்டை அறிய நமக்குக் கிடைத்த நல்ல சாதனங்கள். அறுவடைக் காலமொன்றில் அவரும் நண்பர்களும் கொன்ஸ்தான்சியாவுக்குச் சென்றனர். குளூட்டி அவர்களைப் பழம் மிதிக்கும் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு நான்கு தொட்டிகள். தொட்டிக்கு மூன்று அடிமைகள். கருங்கால்கள் மூன்று சோடி மிதித்த சாற்றையா குடிப்பது என்று வந்தவர் எல்லோரும் முகஞ்சுளித்தனர் என்று அவர் எழுதுகிறார். புளித்துப் பொங்கும்போது அழுக்கெல்லாம் நீங்கிவிடும் என்ற உறுதியினால் தமக்கு அந்தத் தடை தீர்ந்துவிட்டதாம்.

இம்முகஞ்சுளிப்பு ஆராயத்தக்கது. ஐரோப்பாவிலும் முந்திரிகையைக் காலால் மிதிப்பதே நெடுங்கால வழக்கம். பிரான்சியக் குடியானவனின் காலைப் பற்றி இவ்விருந்தினர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். அவர்களை உறுத்தியது கால் அன்று, காலின் நிறமே. அன்றியும், அம்மனிதரை வாங்குவதும் விற்பதும் அவர்களை உறுத்தவில்லை. அவர் பாதம் பட்ட சாறு தம் நாவிற் படுவது மட்டும் உறுத்திற்று. தீண்டாமை என்பது நம்முடைய நாடுகளின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் இக்குறிப்பைப் படித்தல் நன்று. நம்மை நாமே குற்றமற்றவராக்கிக்கொள்வதற்கு அதனைப் பயன்படுத்துவதும் தகாது. சோழமண்டலத் துறைகளில் ஆள் பிடித்து ஒல்லாந்தருக்கு விற்ற தரகரும் அந்நாட்டவரே.

சீமாட்டியின் எழுத்து முகஞ்சுளிப்போடு நின்றுவிடவில்லை. மெல்லிசை ஒலிக்க, அதற்கேற்ப அடிமைகள் முதலில் மெதுவாய் மிதித்தனர். தொட்டியின் அடித்துளை வழியே தெளிந்த சாறு இறங்கியது. பின்னர் தாளம் விரைந்தது; அதே பழத்தை மீண்டும் வலிய மிதித்தனர். அரையாடை உடுத்த அம்மூவரும் வெண்கலத்தில் வார்த்த பழங்காலச் சிலைகள்போலக் கணந்தோறும் நிலைமாறி, ஒரு நிலையும் அழகு குன்றாமல் ஆடியதே தம் மனத்தை மிகக் கவர்ந்ததென்கிறார். மிதிப்போர் ஒரே தாளத்தில் இயங்கினால் வேலை விரையும். இசை அங்கே அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததாகத் தோன்றவில்லை. இரக்கமற்றவர் அல்லர் அவர்; கலையுணர்வும் உடையவர். ஆயினும் அவருக்குத் தெரிந்தவை சிலைகள். அப்பன்னிருவருள் ஒருவனையேனும் உன் பெயர் என்ன, எந்த ஊர் என்று அவர் வினவியதாகத் தெரியவில்லை. எனினும், அவர்தம் கால்களையாவது கண்டு எழுதிவைத்தவர் அவரே. மற்றையோர் கிண்ணத்தை மட்டும் எழுதினர்.

கேப் நாடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1795 செப்ரெம்பரில். அதே மாதத்தில் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் மாறின. 1803இல் ஒல்லாந்தருக்கு மீண்டு, 1806இல் மறுபடியும் ஆங்கிலேயருடையதான கேப் நாட்டின் மதுவுக்கு 1813இல் பிரித்தானியாவில் வரிச்சலுகை கிடைத்தது. கொன்ஸ்தான்சியாவின் புகழ் உச்சிக்கு ஏறியது. சென்ற் எலேனாத் தீவிற் சிறையிருந்த நெப்போலியனுக்கு, 1821இல் அவர் இறக்கும்வரை, இம்மது அனுப்பப்பட்டு வந்தது. 1811இல் வெளிவந்த சேன் ஒஸ்ரினின் நாவலொன்றிற் காதல் முறிந்து வாடும் இளம்பெண்ணுக்கு மருந்தாக முதுபெண்ணொருத்தி கொண்டுவருவது பழைய கொன்ஸ்தான்சியா மது. 1870இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் முடிக்காது விட்டுச்சென்ற கடைசி நாவலிலும் அலமாரியொன்றில் அது இருக்கிறது. இவ்வாறு இலக்கியத்திலும் இடம்பெற்ற மது வேறு பல இல்லை.

1834ஆம் ஆண்டு திசெம்பர் 1ஆந் திகதி கேப் நாட்டில் அடிமைகள் சட்டப்படி விடுதலையாயினர். ஆயினும் தொழில் பழகுவோர் என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எசமானரிடமே ஊதியமின்றி உழைக்கவேண்டுமென விதிக்கப்பட்டது. மெய்யான விடுதலை 1838 திசெம்பரில் வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் ஒதுக்கிய நட்டஈடு 20 மில்லியன் பவுண். அப்பணம் போனது அடிமைகளை வைத்திருந்தோருக்கு. அடிமைகளாயிருந்தோருக்கு ஒரு சதமும் இல்லை. இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. விடுதலை பெற்றோருக்கு நிலமில்லை. பலர் முன்பு உழைத்த தோட்டங்களிலேயே கூலிகளாய்த் தொடர்ந்தனர்.

கொன்ஸ்தான்சியாவுக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1859இல் சாம்பல்நோய் கொடிகளைத் தாக்கியது. 1861இல் வரிச்சலுகை முற்றாய் நீங்க, பிரான்சிய மதுக்கள் இலண்டன் சந்தையை நிறைத்தன. கடனில் மூழ்கிய பெருங் கொன்ஸ்தான்சியாவை 1885இல் கேப் அரசாங்கமே வாங்கி முந்திரிகைப் பயிருக்கு மாதிரித் தோட்டமாக்கியது. மறு ஆண்டில் வேரைத் தின்னும் பூச்சி கேப் நாட்டிற் காணப்பட்டது. அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டியே பின்னர் பயிரை மீட்க முடிந்தது. 1925 திசெம்பரில் மாளிகை எரிந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டினர். இனிய கொன்ஸ்தான்சியா மது மட்டும் ஒரு நூற்றாண்டுக்குப் பெயரளவில் நின்றது.

மது நின்றாலும் அதனோடு வந்த ஒரு வழக்கம் நிற்கவில்லை. கேப் நாட்டு முந்திரிகைத் தோட்டங்களில் ஆட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக நாள்தோறும் பலமுறை மலிந்த மதுவைக் கிண்ணத்தில் வார்த்துக் கொடுப்பர். அடிமைக் காலத்தில் தொடங்கிய இம்முறைக்கு ‘டொப்’ என்று பெயர். ஆளைத் தோட்டத்தோடு பிணைப்பதற்கு இதனினும் மலிவான சங்கிலி வேறில்லை. இருபதாம் நூற்றாண்டிற் சட்டம் தடுத்தபின்னும் அது பல இடங்களில் நெடுநாள் மறைவாய் நடந்தது. கருவிலிருக்கும்போதே தாயின் குடியால் மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் தொகை உலகிலேயே மிக அதிகமாய்ப் பதிவான இடங்களுள் அந்தப் பகுதியும் ஒன்று. சுவை பார்க்கும் மேசையில் வைக்கப்படும் மது வேறு. தோட்டத்து மூலையில் வார்க்கப்பட்ட மது வேறு. இரண்டும் ஒரே கொடியின் பழம்.

அடிமைகளின் வழிவந்தோரிற் பலர் கொன்ஸ்தான்சியாப் பள்ளத்தாக்கிலேயே சிறு தோட்டம் செய்தும் மரக்கறியும் பூவும் விற்றும் வாழ்ந்தனர். 1961இல் அப்பகுதி வெள்ளையருக்கு மட்டும் உரியதென அரசாங்கம் பிரகடனம் செய்தது. தலைமுறை தலைமுறையாய் இருந்த குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு, கேப்ரவுணுக்கு வெளியே மணல்வெளிகளில் எழுந்த குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டன. முதலிற் கடல் கடந்து கொண்டுவரப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இரண்டாம் முறை பெயர்க்கப்பட்டனர். நிறவெறியாட்சி நீங்கிய 1994இல் வந்த நில மீட்புச் சட்டத்தின்கீழ் அவர்களிற் சிலர் உரிமை கோரினர். பலருக்குக் கிடைத்தது நிலமன்று, பணமே.

அம்மதுவும் இதற்கிடையில் மீண்டது. சிறு கொன்ஸ்தான்சியா எனப்படும் பகுதியை 1980இல் வாங்கிய உரிமையாளர், பழைய மஸ்கற் கொடிகளை நடுவித்து, குலைகளை முன்போலக் கொடியிலேயே உலரவிட்டு, 1986ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து பழைய முறையில் இனிய மது செய்தார். பெருங் கொன்ஸ்தான்சியாவிலும் பின்னர் செய்யலாயினர். இன்று அங்கு செல்லும் விருந்தினர் மரநிழல் கவிந்த நெடும்பாதை வழியே சென்று, மாளிகையைப் பார்த்து, கனிமீடன் சிற்பத்தின்கீழ்ச் சற்று நின்று, பின் சுவை பார்க்கும் கூடத்துக்குப் போகின்றனர். வார்ப்பது பொன்னிறம். மூக்கருகே கொண்டுசென்றவுடன் தோடம்பழத் தோலும் தேனும் உலர்ந்த முந்திரிகையும் கலந்த மணம் எழும் என்பர். மாளிகை இப்போது அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது; அடிமைகளின் வரலாற்றையும் அங்கு எழுதி வைத்திருக்கின்றனர். நகரின் நடுவே கும்பனி 1679இல் தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டிய பெருவிடுதியும் அவ்வாறே ஓர் அருங்காட்சியகமாகியுள்ளது.

அதனைப் பாராதவரும் கேப்ரவுணில் ஒன்றைக் கவனிக்கலாம். கடைப் பெயர்ப்பலகைகளிலும், பாடசாலை இடாப்புகளிலும், துடுப்பாட்ட அணிகளிலும் செப்ரெம்பர், பெப்ரவரி, ஏப்ரில் என்னும் குடும்பப் பெயர்கள் அங்கு மிகுதி. துறையிற் குறிப்பேட்டோடு இருந்த எழுத்தர், பெயர் தெரியாத ஆளொருவன் கரையிறங்கிய மாதத்தை அவனுக்கே பெயராக எழுதினார் என்று அக்குடும்பத்தினர் சொல்வர். செப்ரெம்பர் என்னும் பெயருடைய அந்த முதல் மனிதன் எந்தக் கரையில் எந்தப் பெயரோடு பிறந்தான் என்பது அவன் வழிவந்தோருக்கும் தெரியாது.